களரி கண்ட பேராசிரியர்: சு. வித்தியானந்தன் அவர்களின் வாழ்வும் பணியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடபாலே, காங்கேசன்துறைக் கடற்கரைக்கு அணித்தாய், செம்மண்ணும் சுண்ணக்கல்லும் பனையும் வாழையும் விரவிய ஊர் தெல்லிப்பழை. கல்விக்கும் உதைபந்தாட்டத்துக்கும் பெயர்போன இவ்வூரிற் பிறந்து, ஈழத்துத் தமிழரின் பல்கலைக்கழகத்துக்கு முதற் றுணைவேந்தராய் அமர்ந்தவர் பேராசிரியர் சுப்பிரமணியம் வித்தியானந்தன் அவர்கள். அன்னாரைப் பற்றி இதுகாறும் எழுதப்பட்ட கட்டுரைகள் பல. தமிழறிஞர் என்றும் நிருவாகி என்றும் மாநாடு கண்டவர் என்றும் அவரைப் போற்றியோர் பலராவர். நாம் இவ்விழா மலரிலே அவர் வாழ்வினை ஒரு தனிப்பொருளை முன்வைத்து நோக்க விரும்புகின்றோம். அப்பொருள் களரி என்பது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு நூலகமும் விரிவுரை மண்டபமும் இன்றியமையாதன என்பதை யாவரும் ஒப்புவர். எல்லாரும் ஒருங்கே கூடி ஆடவும் பாடவும் காணவும் உரியதோர் ஆடுகளமும் அதற்கு வேண்டும் என்பதை எம்மவருள் உணர்ந்தோர் சிலரே. அச்சிலருள் வித்தியானந்தன் தலையாயவர்.

களரி என்னுஞ் சொல்லைச் சிறிது நின்று நோக்குவோம். மலைநாட்டிலே அது வாளும் சிலம்பும் பயிலும் இடம். மட்டக்களப்பிலே அது கூத்தர் ஆடும் வட்டமான மண்மேடை. உடலை வளர்க்கும் பயிற்சிக்கும் உள்ளத்தை வளர்க்கும் கலைக்கும் ஒரு பெயரே வழங்கியது. அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒரே கூரையின் கீழ்க் கூடைப்பந்தாட்டமும் இசைவிழாவும் பட்டமளிப்பும் நடைபெறத்தக்க பேரரங்குகளைக் கட்டின. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போலி அரங்கு அத்தகையது. போலி என்பது ஈண்டு கொடையாளரின் பெயர். எம்மொழியிலுள்ள பொருளை எண்ணி நகையாடற்க. அவர் கட்டடத்தால் ஒன்றாக்கியதை எம் முன்னோர் சொல்லால் ஒன்றாக்கி வைத்திருந்தனர் எனலாம். அளவு வரையறுத்து அரங்கு சமைக்கும் முறைமையும் தமிழுக்குப் புதியதன்று. எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாய், புகவும் போகவும் இரு வாயில்கள் கொண்டதாய், மூவகை எழினிகளோடு அமைந்த ஆடரங்கைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை விரித்துரைக்கின்றது. இத்துணைப் பழைமை வாய்ந்த அரங்கு எமது உயர்கல்வி நிலையங்களினுள் எவ்வாறு நுழைந்தது என்பதே வித்தியானந்தன் வரலாறு.

அன்னார் 1924ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் தெல்லிப்பழையைச் சேர்ந்த வீமன்காமத்திலே பிறந்தார். ஊரிலே கற்றுத் தேறிக் கொழும்பு சென்று உயர்கல்வி பயின்றார். அக்காலை, 1942ஆம் ஆண்டிலே, கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகமாய் வளர்ச்சியுற்றது. 1943ஆம் ஆண்டிலே அதன் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர் விபுலானந்த அடிகளார். நாடகவியல் கூறும் மதங்க சூளாமணியையும், 1947ஆம் ஆண்டு அரங்கேறிய யாழ் நூலையும் யாத்த அப்பெரியாரிடம் பயிலும் பேறு இவருக்கு வாய்த்தது. அடிகளார்க்குப்பின் அவ்விருக்கையை ஏற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களோ யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதும் துணிவுடையவர். அவரது நானாடகம் 1940ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. செந்தமிழ் அன்றி வேறு தமிழ் மேடைக்கு ஆகாது என்று பண்டிதர் முகஞ்சுளித்த காலம் அது. ஒருவரிடம் இசையும் கூத்தும் பற்றிய ஆராய்ச்சியையும், மற்றவரிடம் மக்கள் மொழியில் வைத்த பற்றையும் பெற்றுக்கொண்ட இவர், ஆசிரியர் எழுதிய நாடகங்களை மாணாக்கரைக் கொண்டு மேடையேற்றும் பொறுப்பினைத் தாம் ஏற்றார். எழுதுவோர் ஒருவர், ஆட்டுவிப்போர் ஒருவர் என்னும் இவ்விணை பல ஆண்டுகள் நீடித்தது.

பின்னர் இலண்டன் மாநகர் சென்று, பத்துப்பாட்டினை வரலாறு, சமூகம், மொழி ஆகிய மூவகையாலும் ஆராய்ந்து 1950ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார். 1954ஆம் ஆண்டிலே வெளிவந்த தமிழர் சால்பு என்னும் நூல் அவ்வாராய்ச்சியின் வழி வந்தது. பல்கலைக்கழக மாணவர் பலர் அந்நூலைப் பாடநூலாய்க் கொண்டு பயின்றனர். சங்க காலத்துக் கூத்தரும் பாணரும் விறலியரும் எவ்வாறு வாழ்ந்தனர் என்று ஏட்டிலே தேடிய ஒருவர்க்கு, அவர்தம் வழிவந்தோர் இன்னும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் உயிரோடிருக்கின்றனர் என்னும் உண்மை எப்பொழுது உறைத்தது என்பதை அறிய எமக்கு ஆவல். அதனை அவர் எழுத்துக்களிலிருந்து ஊகிக்கலாமேயன்றித் துணிந்து கூறல் இயலாது. ஆயினும் காலத்தைச் சுட்டலாம். அது 1956ஆம் ஆண்டை ஒட்டியது.

பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டு தொடக்கம் பேராதனைக்குப் பெயர்ந்தது. மாவலிக் கங்கைக் கரையிலே, மலைகளின் நடுவே, மாணவர் தங்கிப் பயிலும் விடுதிகளும் விளையாட்டிடங்களும் கொண்டு அது அமைந்தது. அங்கே மரங்கள் சூழ்ந்த சரிவொன்றிலே திறந்தவெளி அரங்கொன்றும் உண்டு. படிப்படியாய் இறங்கும் இருக்கைகளிலே மாணவர் அமர்ந்து காண, கீழே கூத்து நிகழும். அப்பல்கலைக்கழகத்துச் சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அவர்கள் 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் கொழும்பிலே மனமே என்னும் நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடக வரலாற்றிலே அது ஒரு திருப்பம். அந்நாடகம் நாடகம எனப்படும் கிராமியக் கூத்துமுறையைத் தழுவியது. அந்நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. மொழிப் பிணக்கு நாட்டைப் பிளக்கத் தொடங்கிய அதே ஆண்டிலே, தமிழ்க் கூத்தின் கிளையொன்று சிங்கள மேடையிலே பூத்துக் குலுங்கியது விந்தையே. கிளைக்கு இத்துணைச் சிறப்பாயின் வேரின் நிலை யாது என்னும் வினா எழுவது இயல்பு. வித்தியானந்தனுக்கு அவ்வினா வேலையாய் முடிந்தது.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு இதே காலத்தில் அவருக்குக் கிட்டியது. அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார். பாடசாலைகளிடையே கூத்துப் போட்டிகள் வைத்தார். ஏட்டிலும் கொப்பியிலும் மறைந்து கிடந்த கூத்துப் பனுவல்களை அச்சேற்றினார். மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகம் 1962ஆம் ஆண்டிலும், மன்னாரின் என்றிக்கு எம்பரதோர் நாடகம் 1964ஆம் ஆண்டிலும் இவ்வாறு ஒளி கண்டன. மூவிராசாக்கள் நாடகமும் ஞானசவுந்தரி நாடகமும் பின்தொடர்ந்தன. சைவக் குடியிற் பிறந்த இவர் கத்தோலிக்கரின் கூத்து நூல்களையும் வேற்றுமை பாராது பதிப்பித்தமை குறிக்கத்தக்கது.

கூத்து என்னும் சொல்லுக்கு அன்று எம்மூர்களில் இருந்த மதிப்பை இளையோர் அறியார். கூத்தாடி என்பது வசைச்சொல். பிள்ளை கூத்துப் பார்க்கப் போனதென்று கேள்விப்பட்டால் தகப்பனார் பூவரசங் கம்பைத் தேடுவார். கல்லூரிகளின் பரிசளிப்பு விழாக்களிலே ஆங்கில நாடகத்துக்கு முதலிடம். தமிழ் நாடகம் ஆடினும் அரண்மனைத் திரையும் பட்டுடையும் வேண்டும். ஊரின் கோடியிலே, கோயில் வெளியிலே, விடிய விடிய ஆடுவோர் யார், அவர்தம் குலம் யாது என்பதைக் கொண்டே அவர்தம் கலையும் எடைபோடப்பட்டது. இதனை மறைத்து எழுதுதல் நேர்மையன்று. எமது கல்லூரியைப் போன்ற இந்துக் கல்லூரிகளும் இக்குற்றத்தினின்றும் நீங்கியவை அல்ல. இலண்டனிற் பட்டம் பெற்ற விரிவுரையாளர் ஒருவர் அண்ணாவியாரின் எதிரே பாயிலிருந்து மத்தளத்தின் சொற்கட்டைக் கேட்டுக் குறித்தார் என்னும் செய்தி அக்காலத்து எத்துணைப் பேரை வியக்கவும் வெகுளவும் வைத்திருக்கும் என்பதை இதனால் உணரலாம்.

மட்டக்களப்புக் களரியின் அமைப்பினைக் கண்டிராதோர்க்காகச் சிறிது விரிப்போம். கோயில் முன்றிலிலோ வயல்வெளியிலோ நிலத்தைச் சற்றே உயர்த்தி வட்டமாய் மண்ணிட்டு இறுக்குவர். சுற்றிலும் கம்பு நாட்டி ஒளி ஏற்றுவர். முற்காலத்திலே தீப்பந்தம், பிற்காலத்திலே காற்றடைத்த விளக்கு. வட்டத்தின் நடுவே மத்தளத்தோடு அண்ணாவியாரும், தாளக்காரரும், ஏடு பார்ப்போரும், பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். சனங்கள் நான்கு புறமும் சூழ்ந்திருப்பர். முன்னிடம் பின்னிடம் என்பது அங்கில்லை. எப்பக்கத்திலிருந்தாலும் ஒரு கூத்தனின் முகம் தெரியும், ஒரு கூத்தனின் முதுகு தெரியும். வடமோடி என்றும் தென்மோடி என்றும் இருவகை உண்டு. வடமோடியிலே போர்க்கதைகள் மிகுதி. அரசர்க்குப் பாரமான கரப்புடை. ஆட்டத்திலே வீறு தோன்றும். தென்மோடியிலே உடை மெலிது. பாடலை நீட்டி இசைப்பர். பழகத் தொடங்கும் நாளிலே சட்டம் கொடுத்தல், நன்றாய்ப் பழகிய பின் சதங்கை அணிதல், அதன் பின்னரே களரியேற்றம் என முறைகள் பல உண்டு. மாதக்கணக்காய்ப் பயின்று ஓரிரவு ஆடுவர். பொழுது புலர்ந்த பின் வீடு வீடாய்ச் சென்று ஆடுவதும் உண்டு. மார்கழிப் பனியிலே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, தூங்கியும் விழித்தும், பிள்ளைகளை மடியில் வைத்தும் பார்ப்போர்க்கு அது ஊர்த் திருவிழாவேயன்றி வெறும் நாடகக் காட்சியன்று.

இதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்தல் எவ்வாறு? இஃது அவர் முன் நின்ற சிக்கல். 1962ஆம் ஆண்டிலே கர்ணன் போர் பேராதனை மாணாக்கரால் ஆடப்பட்டது. மட்டக்களப்பிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் சிலர், சிறுவயது தொட்டு ஊரிலே கூத்தாடிப் பழகியவர்கள், இதற்கு முதுகெலும்பாயினர். அவருள் ஒருவராகிய சி. மௌனகுரு பின்னாளிலே பேராசிரியராகி இக்கலையினை வளர்த்தமை யாவரும் அறிந்ததே. விடியும்வரை ஆடும் கூத்தை இரண்டு மணித்தியாலத்துள் அடக்கினார் வித்தியானந்தன். மீண்டும் மீண்டும் வரும் வரவுகளையும் கட்டியகாரன் கூற்றுக்களையும் சுருக்கினார். குந்திக்கும் கர்ணனுக்கும் இடையிலுள்ள துயரத்தை நடுநாயகமாய் வைத்தார். கரப்புடையின் பாரத்தைக் குறைத்தார். நடுவே நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தனர். கூத்தர் ஒருமுகமாய்ச் சபையை நோக்கி ஆடினர். ஆட்டமும் தாளக்கட்டும் பாடலின் மெட்டும் மாறவில்லை. வட்டமாய் இருந்த களரி சட்டமிட்ட படமாயிற்று.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. முன்பு கூத்தென்றால் நகைத்தோர் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் நாற்காலியிலே அமர்ந்து கண்டு வியந்தனர். 1963ஆம் ஆண்டிலே தென்மோடியிலமைந்த நொண்டி நாடகமும், 1965ஆம் ஆண்டிலே இராவணேசனும், 1968ஆம் ஆண்டிலே வாலிவதையும் தொடர்ந்தன. இவற்றுள் இராவணேசனே உச்சம் என்பது எமது கருத்து. பழைய கூத்தைச் சுருக்கிய அளவில் நில்லாது, இராவணனின் செருக்கும் அவலமும் தோன்றப் புதிதாய் அமைத்த கூத்து அது. ஆடலே பாத்திரத்தின் அகத்தைக் காட்டும் என்பதை அதனைக் கண்டோர் உணர்ந்தனர். தமிழ் கற்கும் மாணாக்கர் மட்டுமன்றி ஏனைத் துறையினரும், தமிழறியாச் சிங்கள மாணவரும் கண்டு மகிழ்ந்தமை பேராதனையில் வாழ்ந்தோர் நினைவில் உள்ளது.

இழப்பும் உண்டு, அதனையும் கூறல் வேண்டும். களரியிலே பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே வட்டத்தினர். ஒருவர் முகத்தை எதிரிலிருப்போர் காண்பர். கூத்தின் அழுகையோடு கூட்டத்தின் அழுகையும் தெரியும். படச்சட்ட மேடையிலே சபை இருளில் அமிழ்ந்துவிடும். நடுவே நின்று கூத்தினை இயக்கிய அண்ணாவியார் ஓரத்திலே வாத்தியக்காரராய் ஒடுங்கினார். கூத்தைப் பேணுகின்றோம் என்று கூத்தின் உயிர்நிலையை அறுத்துவிட்டனர் என்று கடிந்தோரும் இருந்தனர். அவர் கூற்று முற்றும் பிழையென நாம் சொல்லமாட்டோம். ஆயினும் 1962ஆம் ஆண்டின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கற்றோர் கண்ணிலே கூத்துக்கு மதிப்புத் தேடுதலே அன்று முதல் வேலையாயிருந்தது. கற்றோர் எங்கே இருந்தனர்? படச்சட்ட மேடையின் முன்னே. அவர்களைக் களரிக்கு அழைத்துச் செல்ல இயலாதபோது களரியை அவர்களிடம் கொண்டு சென்றார். வழியிலே வட்டம் உடைந்தது. அவரும் அதை அறிந்தே செய்தார் என்று நாம் எண்ணுகின்றோம். ஏனெனில் பனுவல்களைப் பதிப்பித்தபோது அவர் ஒரு வரியையும் சுருக்கவில்லை. மேடைக்குச் சுருக்கம், ஏட்டுக்கு முழுமை என்பது அவர் கொண்ட நெறி.

ஈண்டு ஊர்ப்பற்றினாலே ஒரு செய்தியை இடைச்செருகுவோம். வீமன்காமத்திலே வித்தியானந்தன் பிறந்த அதே 1924ஆம் ஆண்டிலே, அயலூராகிய காங்கேசன்துறையிலே பிறந்தவர் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள். மயானத்திலே அரிச்சந்திரனாய் நின்று அவர் பாடிய பாட்டினை வடபகுதியிற் கேளாதார் இலர். ஒருவர் பல்கலைக்கழகத்தின் வழி அரங்கை அடைந்தார். மற்றவர் கொட்டகையின் வழி அடைந்தார். இருவரும் 1989ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். நாலு கட்டைத் தொலைவுக்குள்ளே பிறந்த இருவர் ஈழத்து அரங்கின் இரு கைகளாய் இருந்தனர் என்பதை வலிகாமம் வடக்கினர் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

பேராசிரியரின் வாழ்விலே மிகப் பெரிய பெருமையும் மிகக் கொடிய துயரும் ஒரே வாரத்திலே நேர்ந்தன. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964ஆம் ஆண்டு புதுடில்லியிலே தோன்றிற்று. கோலாலம்பூர், சென்னை, பாரிசு ஆகிய நகரங்களில் மாநாடு கூடிய பின், நான்காவது மாநாடு இலங்கைக்கு உரித்தாயிற்று. இலங்கைக் கிளைக்குத் தலைவர் வித்தியானந்தன். மாநாடு தலைநகரிலே கூடவேண்டும் என்பாரும், தமிழ் வழங்கும் யாழ்ப்பாணத்திலே கூடவேண்டும் என்பாரும் இருதிறத்தாராயினர். யாழ்ப்பாணமே என்று உறுதியாய் நின்றார் அவர். அரசின் ஆதரவு இல்லாமலே, ஊர்மக்களின் உழைப்பாலும் பொருளாலும் 1974ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் மாநாடு தொடங்கிற்று. வாழையும் தோரணமும் கட்டாத தெரு இல்லை. வீரசிங்கம் மண்டபத்திலே அறிஞர் ஆராய்ச்சி படித்தனர். தெருவிலே ஊர்திகள் பவனி வந்தன. அயல்நாட்டறிஞர் எம்மவர் வீடுகளில் விருந்துண்டனர்.

சனவரி 10ஆம் நாள் இறுதிப் பொதுக்கூட்டம். எதிர்பார்த்ததிலும் பன்மடங்கு சனம் திரண்டது. யாழ்ப்பாணத்து மண்டபம் எதுவும் அத்திரளைக் கொள்ளும் அளவினதன்று. எனவே வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே வெளியிலே மேடை அமைத்து, சனங்கள் புல்லிலும் தெருவிலும் அமர்ந்திருந்தனர். காவற்படையினர் கூட்டத்தினுள்ளே புகுந்து கலைக்க முற்பட்டபோது குழப்பம் மூண்டது. மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. தமிழ் கேட்க வந்தோருட் சிலர் வீடு திரும்பவில்லை. அவர்களுக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் அவ்விடத்திலே நிற்கின்றன. அந்நிகழ்ச்சியின் அரசியலை விரித்தல் இம்மலருக்குரியதன்று. ஒன்றை மட்டும் சொல்வோம். ஓரினம் தன் மொழிக்கு விழாவெடுக்க ஒருங்கே அமர்வதற்குத் தனக்கெனத் தகுந்ததோர் அரங்கின்றித் தெருவோரத்திலே இருந்தது. அன்றிரவு மேடையிலிருந்த வித்தியானந்தனின் நெஞ்சிலே என்ன ஓடியிருக்கும் என்பதை எழுத எமது எழுதுகோலுக்கு வலிமையில்லை.

அதே 1974ஆம் ஆண்டிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1921ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் இடத்திலே, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. அதன் முதற் றலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. பேராதனையிலே வித்தியானந்தனிடம் தமிழ் பயின்றவர் அவர். 1977ஆம் ஆண்டிலே அப்பதவிக்கு வித்தியானந்தன் வந்தார். மாணாக்கர் அமர்ந்த இருக்கையிலே பின்னர் ஆசிரியர் அமர்தல் அருமையாய் நிகழ்வது. 1979ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று; இவர் முதற் றுணைவேந்தரானார். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் ஏற்கெனவே அவ்வளாகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆதலின் வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் பரதமும் பட்டப்படிப்புக்குரிய துறைகளாய் வளர வழியிருந்தது. நாடகமும் அரங்கியலும் பின்னர் அவ்வரிசையிற் சேர்ந்தது. கூத்தாடி என்று ஏசிய ஊரிலே கூத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கும் நிலை வந்தது.

1982ஆம் ஆண்டு திசெம்பர் 6ஆம் நாள் கைலாசபதி தமது நாற்பத்தொன்பதாம் வயதிலே மறைந்தார். பல்கலைக்கழகத்தின் பேரரங்கு கைலாசபதி கலையரங்கு என வழங்குகின்றது. நாடகமும் இசையும் நினைவுரையும் அங்கே நிகழ்கின்றன. அதன் வாயிலைக் கடந்து சென்ற ஆசிரியர்க்கு அப்பெயரைக் காணுந்தோறும் எய்திய உணர்வை, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் அறிவர்.

துணைவேந்தராய் அவர் இருந்த காலம் அமைதியான காலமன்று. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983ஆம் ஆண்டின் பின்னர் தெற்கிலே கற்க அஞ்சிய மாணாக்கர் வடக்கை நோக்கினர். விரிவுரையை விடுத்து வேலியோரத்திலே துப்பாக்கி வெடியைக் கேட்கும் நாட்கள் மிகுந்தன. பட்டங்கள் வழங்கப்படவேண்டும், தேர்வுகள் நடக்கவேண்டும் என்பதிலே அவர் விடாப்பிடியாய் இருந்தார். ஒருசார் அவரை மிகுந்த மென்மையர் என்றது; மற்றொருசார் பிடிவாதர் என்றது. துணைவேந்தர் கதிரையில் அமர்ந்தோர் இரண்டையும் கேட்டேயாதல் வேண்டும்.

இவை யாவற்றினும் எம்மை வருத்துவது 1987ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் நிகழ்ந்தது. 11ஆம் நாள் இரவு கழிந்து 12ஆம் நாள் பிறந்த இருளிலே, இந்தியப் படையினர் உலங்கு வானூர்திகளில் வந்து பல்கலைக்கழகத்து விளையாட்டு மைதானத்திலே இறங்கினர். மாணாக்கர் பந்துதைத்து ஓடிய புற்றரையிலே கடும் போர் மூண்டது. இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் ஏறத்தாழ முப்பதின்மருள் ஒருவரொழிய ஏனையோர் அங்கேயே மாண்டனர். அயலிலே குடியிருந்த பொதுமக்களும் மாண்டனர். களரி என்பது போர்ப்பயிற்சிக்கும் உரிய சொல் என்று தொடக்கத்திலே கூறினோம். அச்சொல்லின் அப்பொருள் இவ்வாறு வந்து நிற்கும் என்று எழுதத் தொடங்கியபோது நாம் எண்ணவில்லை. கர்ணன் வீழ்வதை ஆடிக்காட்டிய பேராசிரியர், தாம் தலைமை தாங்கிய கழகத்தின் ஆடுகளத்திலே மெய்யாகவே பிள்ளைகள் வீழ்ந்தமையைக் கேட்கவேண்டியவரானார். எந்நாட்டுத் தாய் பெற்றாலும் அவர்கள் பிள்ளைகளே.

1988ஆம் ஆண்டிலே துணைவேந்தர் பொறுப்பு பேராசிரியர் அ. துரைராசா அவர்களிடம் சென்றது. சில மாதங்களின் பின், 1989ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், வித்தியானந்தன் இவ்வுலக வாழ்வை நீத்தார். வித்தி என்று அன்போடு அழைத்த மாணாக்கர் நாட்டின் நாற்புறத்திலும், கடல் கடந்தும் இருந்தனர். 1990ஆம் ஆண்டின் பின் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். வேலிகளும் வளவுகளும் காடாயின. அன்னார் பிறந்த மண்ணிலே விளக்கேற்றவும் ஆளின்றிப் பல்லாண்டு கழிந்தன. போர் ஓய்ந்தபின் காணிகள் சிறிது சிறிதாய் விடுபட, ஊர் மீண்டும் ஊராகின்றது.

பல்கலைக்கழகத்திலே இப்போது சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரைத் தாங்கிய உள்ளக விளையாட்டரங்கு உண்டு. பட்டமளிப்பு விழாவும் அங்கே நடைபெற்றுள்ளது. ஓராண்டு எம் கல்லூரிப் பிள்ளை ஒருவர் பட்டம் பெறுவதைக் காண அங்கே சென்றிருந்தோம். அமர்ந்திருக்கையிலே எமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. விளையாட்டரங்கின் இயல்பு யாது? நடுவே ஆடுகளம், சூழ்ந்து சனம். ஒருமுக மேடையில்லை, இருளில் அமிழும் சபையில்லை. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டிலே வேறு வழியின்றி உடைத்த வட்டம், கூத்தை எண்ணாமலே கட்டிய இவ்வகைக் கட்டடத்திலே தானாகவே கிடைக்கின்றது. படச்சட்ட மேடையைவிட வட்டக்களரிக்கு நெருங்கியது விளையாட்டரங்கே.

ஆதலின் பல்கலைக்கழகத்திலே பணிபுரியும் எமது பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். அன்னாரின் நினைவுநாள் சனவரி 21. அடுத்த ஆண்டு அந்நாளிலே நினைவுரைகளைச் சுருக்கிக்கொண்டு, மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் ஒருவரையும் அவர்தம் குழுவினரையும் அழையுங்கள். பந்தாடும் தளத்துக்கு ஊறு நேராவண்ணம் பாய் விரித்து, மத்தளத்தை நடுவே வையுங்கள். நாற்காலிகளை நாற்புறமும் இடுங்கள். கர்ணன் போரை இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்காது, விடியும்வரை முழுமையாய் ஆடட்டும். பேருந்து வசதியையும், நள்ளிரவிலே சபையோர்க்குக் கோப்பியையும் பழைய மாணவர் சங்கம் பொறுப்பேற்கும்.